பூட்டிய சர்க்கரை

பெரியவள் சுத்தியலை மறுபடி ஓங்கினாள். ணங்! பூட்டு ஆடியது, திறக்கவில்லை.

அலமாரிக்குள் சர்க்கரை டப்பா. சமையலறைத் தரையில் அம்மா. இரண்டுக்கும் நடுவே, திங்கட்கிழமை அவளே நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்து மாட்டிய பூட்டு. சாவி இங்கே இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில், ஆணியில் தொங்கும் அவளுடைய வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது.

"அம்மா! கண்ணை மூடாதீங்க! இங்க பாருங்க!"

அம்மா பார்த்தார். பார்வை அவளைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருந்த சுவருக்குப் போயிற்று. நெற்றி, கழுத்து, ரவிக்கை எல்லாம் வியர்வையில் ஊறிக் கிடந்தன. விரலைக் குத்தி ரத்தம் வைத்த மீட்டர் ஓர் எண்ணைக்கூடக் காட்டவில்லை. 'லோ' என்று மட்டும் மின்னியது. அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

குடையை மறந்துவிட்டு அவள் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்திருக்காவிட்டால்?

ணங்! சுத்தியல் வழுக்கிக் கதவில் பள்ளம் விழுந்தது.

"பூட்டை எதுக்கு அடிக்கிற? அது என்ன பாவம் பண்ணுச்சு?" பின்னால் அப்பாவின் குரல். "தள்ளு. கீலைக் கழட்டினா கதவு கையோட வந்துடும்."

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கைகளில் இன்றைக்கும் நடுக்கம் கிடையாது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மேல் கீல், கீழ்க் கீல். பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு தனியாக வந்துவிட்டது. பெரியவள் டப்பாவைப் பிடுங்கினாள்.

"அம்மா, முழுங்குங்க பார்ப்போம்." அம்மாவின் தொண்டை அசைந்தது. முழுங்க முடிகிறது. சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தாள்.

அம்மாவின் கண் மெதுவாகத் திரும்பி வந்தது. முதலில் கதவில்லாத அலமாரியைப் பார்த்தார். அப்புறம் மகளை. "குடை எடுத்தியா?" என்றார்.

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "ரெண்டாவது ஊசி போட்டுக்கிட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க!"

அம்மா வாய் திறக்குமுன் அப்பாவே சொன்னார். "நான் காலைலயே போட்டுட்டேன். உங்கம்மா மறந்துட்டு மறுபடி போட்டிருப்பா. இது என்ன புதுசா?"

புதுசு இல்லை, அதுதான் பிரச்சினை. இரண்டு மாதமாக இதே கதை. அம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை. கண்ணும் மங்கியதால் பேனா ஊசியில் அளவைத் திருகுவது அப்பாவின் வேலை. ஆனால் சர்க்கரை ஒரு நாள் பாதாளத்துக்கு இறங்கும்; மறுநாள் கூரையைத் தொடும். இறங்கினால் மறதியில் போட்ட இரண்டாவது ஊசி. ஏறினால் திருட்டுச் சர்க்கரை. அம்மா திருடுகிறார் என்பதில் சந்தேகமே இல்லை. நேற்று தலையணை உறைக்குள் சர்க்கரைக் கட்டிகளைக் கைப்பிடி அளவுக்குக் கண்டெடுத்தவள் பெரியவளேதான். பூட்டுக்குத் தப்பிய கடைசிக் கையிருப்பு. அதையும் எடுத்துக் குப்பையில் கொட்டியிருந்தாள்.

"பின்பக்க பாத்ரூமைப் போய்ப் பாரு, பூரா எறும்பு" என்றார் அப்பா, அம்மாவுக்கு விசிறிக்கொண்டே. "உங்கம்மா சர்க்கரை ஆலையே வச்சு நடத்துறா. எனக்குப் பாரு, இந்த வயசுல சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல." பெல்ட்டைத் தட்டிக் காட்டினார். ஆணியால் குத்திய புது ஓட்டை. "கல்யாணத்தப்ப இருந்த இடுப்பு! ஒரு தடவை கிரேன்ல நாற்பது டன் தொங்குது, கீழ ஆபீசர் நின்னுக்கிட்டு 'மெதுவா, மெதுவா'ங்கிறார். 'சார், நீங்க நகர்ந்தா அது மெதுவா இறங்கும், நகரலைன்னா நீங்க மெதுவா இறங்குவீங்க'ன்னேன்!"

அவரே சிரித்தார். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

*

"ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன்" என்றான் தம்பி, போனில். "மறதிக்காரங்களைப் பார்த்துக்கிற இல்லம் ஒண்ணு விசாரிச்சேன்ல, அங்க இடம் இருக்காம்."

"அம்மாவைக் கேட்டியா?"

"கேட்டா மட்டும்? ஞாபகம் இருக்கப் போகுதா? நீதானே அக்கா சொன்ன, சுகர் இருந்தா மூளைக்கும் வரும்னு. ஊரு பூரா அதைப் பத்தித்தானே லெக்சர் குடுக்கிற?"

"வரும்னு சொல்லலை. வர்ற வாய்ப்பு அதிகம்னு சொன்னேன்."

"வந்துடுச்சு இல்ல? அப்புறம் என்ன? இன்னிக்கு நீ குடையை மறந்த, அம்மா பிழைச்சாங்க. நாளைக்கு நீ மறக்கலைன்னா?"

அவள் போனை வைத்தாள். ஊருக்கே பாடம் எடுக்கிறவள், பெற்ற தாயை ஓர் இல்லத்துக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ள ஒரு வழி தெரியாமல் நிற்கிறாள். மனம் போனபடி எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருந்தது. கதவை ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது.

பாதி தீர்ந்திருந்த பேனா ஊசியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இனிமேல் ஊசி போடுவது அவள்தான். ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு வியர்த்தா உடனே இதைக் குடுக்கணும். இந்த வீட்டுல நம்பி ஒப்படைக்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"கவலையை விடு" என்றார் அப்பா.

*

மறுநாள் சாயங்காலம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஞாபகச் சோதனை அட்டைகளை எடுத்து வந்தாள். விஷயம் எளிது. குடை, கத்தரிக்கோல், வாளி என்று இருபது படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டிரண்டு படமாக நீட்ட வேண்டும். ஒன்று முன்பே பார்த்தது, மற்றது புதுசு. பார்த்தது எது என்று தொட்டுக் காட்டினால் போதும்.

அம்மா மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கமிட்டி மெம்பர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குடையா, மணியா?"

அம்மா மணியைத் தொட்டார்.

"கத்தரிக்கோலா, சீப்பா?"

சீப்பு.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. வாளியா, விளக்கா?"

அம்மாவின் விரல் வாளியின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்து விளக்கைத் தொட்டது.

"ஐயோ, வாளிம்மா வாளி! இப்பதானே காட்டினேன்!"

"திட்டாதே" என்றார் அம்மா.

"எனக்கும் வை பெரியவளே" என்றார் அப்பா. "இவகூட உட்கார்ந்து போர் அடிக்குது."

"உங்களுக்கு எதுக்குப்பா? உங்களுக்குத்தான் சுகரே இல்லையே. கொஞ்சம் சும்மா இருங்க."

அம்மாவின் கண் சட்டென்று நிமிர்ந்தது. பிறகு தாழ்ந்துவிட்டது. அப்பா சும்மா இருக்கவில்லை. "ஒரு தடவை கிரேன்ல நாற்பது டன் தொங்குது, கீழ ஆபீசர்..."

"இதை நேத்தே சொல்லிட்டீங்க!"

"நல்ல சரக்கா இருந்தா ரெண்டு தடவை இறக்கலாம்" என்றார் அப்பா. தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

இருபதும் முடிந்தது. அம்மாவுக்குப் பூஜ்யம். பெரியவள் அட்டைகளை மேசையில் எறிந்தாள். ஓர் அட்டை சறுக்கிக் கீழே விழுந்தது. அம்மா குனிந்து எடுத்துத் தூசி தட்டி, அட்டைக் கட்டுக்குள் அது இருந்த இடத்திலேயே செருகி வைத்தார். பெரியவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

*

வெள்ளிக்கிழமை காலை, அப்பாவின் கண் எதிரிலேயே அம்மாவுக்கு ஊசி போட்டாள். "நர்சம்மா கை மெதுவா இருக்கே" என்று அப்பா கிண்டல் செய்தார். அவள் கிளம்பி வந்துவிட்டாள்.

ஆராய்ச்சிக்கூடத் தலைவிக்கு எல்லாரும் வைத்த பெயர் ஃப்ரீஸர். கூடத்தில் நிஜ ஃப்ரீஸர்கள் வரிசையாக நின்றாலும் குழப்பம் வந்ததே இல்லை. இவர்தான் அதிகம் குளிர்ந்தவர்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார் ஃப்ரீஸர், கையுறையைக் கழற்றாமலே.

பெரியவள் கொட்டினாள். "பத்து வருஷமா இங்க என்ன மேடம் பண்றேன்? இன்சுலின் மூளைக்கும் வேணும். அது கதவைத் தட்டினாத்தான் அங்க இருக்கிற செல்லும் ஒழுங்கா வேலை செய்யும். சர்க்கரை நோய் நாள்பட்டா அந்தக் கதவுக்குக் காது கேட்காமப் போகும். அப்புறம் இன்சுலினை வெட்டுற அந்த நொதி. துப்புரவு ஆள் ஒருத்தன்தான், வேலை ரெண்டு. மிச்ச இன்சுலினையும் வெட்டணும், அமிலாய்டுங்கிற குப்பையையும் வெட்டணும். ரத்தத்துல இன்சுலின் வழிஞ்சா அவனுக்கு அதுக்கே நேரம் சரியாப் போகும். குப்பை மூளையில தங்கிடும். அடிக்கடி லோ சுகர் ஆனா அதுவும் ஞாபகத்தைத் தின்னும். ஞாபகம் போனா ஊசி ரெண்டு தடவை ஏறும். ரெண்டு தடவை ஏறினா மறுபடி லோ. செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி வருது. எல்லாம் தெரியும் எனக்கு! தெரிஞ்சு என்ன புண்ணியம்? எங்கம்மாவுக்கு இருபதுக்கு ஒண்ணுகூட வரலை!"

ஃப்ரீஸர் கையுறையைக் கழற்றினார். அது அபூர்வம்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"நம்மகிட்ட வர்றவங்கள்ல ரொம்ப முத்தின கேஸ், பெத்த புள்ளையையே அடையாளம் தெரியாதவர். அவர் எவ்வளவு எடுத்தார்?"

"ஒன்பதோ பத்தோ..." பெரியவள் நிறுத்தினாள்.

"ரெண்டுல ஒண்ணு தொடணும். கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே பாதி சரியா விழும். மறதிக்காரங்க பாதியாவது எடுப்பாங்க. இருபதும் தப்பாச் சொல்றதுக்கு..."

"...இருபதும் தெரிஞ்சிருக்கணும்" என்றாள் பெரியவள்.

"இதை முதல் நாள் சேர்ற பசங்களுக்கு நீதான் சொல்லிக் குடுக்கிற" என்றார் ஃப்ரீஸர். "இங்க வர்ற ரத்தக் குழாய்ல பேர்கூட ஒட்ட விடமாட்ட, நம்பர்தான். யாருக்கு நோய்னு தெரிஞ்சுட்டா கண்ணு அதையே தேடும்னு சண்டை போடுவ. வீட்டுல மட்டும் நம்பர் இல்லாமப் போயிடுச்சாக்கும்? சரி, கூட இருக்கிறவருக்கும் சோதனை வைக்கணும்னு விதி இருக்கே?"

"எங்கப்பா நல்லா இருக்கார் மேடம். அவரைப் பத்தி யார் கவலைப்பட்டா இப்ப?"

அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். அம்மா நடிக்கிறார். மறதி இல்லை. அப்படியானால் இரண்டாவது ஊசி மறந்து போட்டது இல்லை. தெரிந்தே ஏற்றியது. தெரிந்தே ஒருவர் தனக்கு இன்சுலினை இரண்டு மடங்கு ஏற்றிக்கொண்டால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு.

படிகளில் இறங்கவில்லை, குதித்தாள்.

*

அம்மா உயிரோடு இருந்தார். படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் கதவைச் சாத்தினாள். மூச்சு வாங்கியது. "ஏம்மா சாகப் பார்க்குறீங்க?"

"என்னடி உளறுற?"

"இருபது படமும் உங்களுக்குத் தெரியும். வேணும்னே தப்புத் தப்பாத் தொட்டீங்க. மறதின்னு நாங்க நம்பணும். நம்பினா ரெண்டாவது ஊசிக்கு யாரும் காரணம் கேட்க மாட்டாங்க. அதானே? நான் என்னம்மா தப்பு பண்ணேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மெதுவாப் பேசு."

"பேச மாட்டேன்! ரெண்டு மாசமா நாய் மாதிரி அலையறேன். பூட்டு வாங்குறேன், அட்டை காட்டுறேன், தம்பிகிட்ட பேச்சு வாங்குறேன். நீங்க என்னடான்னா..."

"சாகணும்னு நினைக்கிறவ எதுக்குடி சர்க்கரையைத் திருடித் தின்னுறா?" என்றார் அம்மா, அடங்கிய குரலில்.



ஆமாம். எதற்கு? இரண்டாவது ஊசிக்கு மாற்று மருந்து அது ஒன்றுதான். அம்மா கணக்காகத் தின்று ஈடுகட்டியிருக்கிறார். கொஞ்சம் கூடினால் கூரை. கொஞ்சம் குறைந்தால் பாதாளம். அவள்தான் சாமர்த்தியமாகப் பூட்டுப் போட்டாள். தலையணைக்குள் இருந்ததையும் விடவில்லை. புதன்கிழமை அம்மாவைத் தரையில் சாய்த்தது மறதி அல்ல, அந்தப் பித்தளைப் பூட்டு.

"அப்ப அந்த ஊசியை யாரும்மா..."

கதவு திறந்தது. அப்பா. கையில் பிரிட்ஜிலிருந்து எடுத்த புது ஊசி, மூடி கழற்றித் தயாராக இருந்தது. அளவும் துல்லியமாகத் திருகியிருந்தது.

"அட, பெரியவளா? ஆபீஸ் இல்லையா இன்னிக்கு?" முகம் மலர்ந்தது. "இரு, உங்கம்மாவுக்கு ஊசி போட்டுட்டு வந்துடறேன். காலைலேர்ந்து போடவே இல்லை. கேட்டா அவளுக்கு ஞாபகம் இருக்காது."

அம்மா மறுபேச்சுப் பேசாமல் கையை நீட்டினார்.

பெரியவள் பாய்ந்து ஊசியைப் பிடித்தாள். "காலைல நான் போட்டேன்ப்பா! நீங்க பக்கத்துல நின்னீங்க. நர்சம்மா கை மெதுவா இருக்குன்னு நீங்கதான் கிண்டல் பண்ணீங்க!"

அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. கையிலிருந்த ஊசியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நாற்பது டன்னைத் தூக்கி வைத்துவிட்டு, எங்கே இறக்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்பவரின் முகம் அது.

"நான் சொல்லித்தாங்க எடுத்துட்டு வந்தீங்க" என்றார் அம்மா அவசரமாக. "எனக்குத்தான் மறந்துபோச்சு. நீங்க போய்ப் பேப்பர் படிங்க."

"அதானே பார்த்தேன்" என்றார் அப்பா. முகம் பழையபடி ஆயிற்று. போகிற வழியில் சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பின்பக்கக் கதவு கிறீச்சிட்டது.

"எவ்வளவு நாளா?" என்றாள் பெரியவள்.

"ஒரு வருஷமா இருக்கும். ஊசியில வந்து நின்னது ரெண்டு மாசமா." அம்மா மடித்த துணியையே மறுபடி மடித்தார். "முதல் தடவை 'போட்டாச்சுங்க'ன்னு சொன்னேன். அன்னிக்கு முழுக்க சாப்பிடலை. 'எங்க அண்ணன் மாதிரி ஆயிட்டேனா'ன்னு கேட்டுக் கேட்டு அழுதார். நினைவு தப்பிப்போன அவர் அண்ணனைக் கடைசியில ஜன்னல் கம்பியோட கட்டி வச்சிருந்தாங்கடி. அதைப் பார்த்துட்டு வந்தவர், 'எனக்கு இப்படி வந்தா நான் கிரேன் மேல ஏறிக் குதிச்சிடுவேன்'னு சொன்னவர். சொன்னா செய்யிற ஆள். அதான், மறதி எனக்குன்னு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். குத்திக்கிட்டா என்ன, ரெண்டு கட்டி சர்க்கரை தின்னா சரியாப் போச்சு."

"சரியாப் போச்சா? நீங்க செத்திருப்பீங்க!"

"நீ பூட்டுவேன்னு நான் கண்டேனா?"

பெரியவள் சுவரில் சாய்ந்தாள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. போன் அதிர்ந்தது. தம்பி. எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை வா. ஆனா அம்மாவைக் கூட்டிட்டுப் போறதுக்கு இல்லை. வந்து பேசு" என்று வைத்துவிட்டாள்.

"அவர் நல்லாத்தான் இருந்தார்" என்றார் அம்மா. "ஒரு நோய் நொடி கிடையாது. எனக்காவது பாழாப்போன சுகர் இருக்கு. வரணும்னா எனக்குத்தானே வந்திருக்கணும்? நீயே அப்படித்தானே சொல்லுவ?"

அவள் அப்படித்தான் சொல்லுவாள். பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பின்பக்கத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ.

பெரியவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"அம்மா, நீங்க பின்பக்க பாத்ரூமுக்குப் போவீங்களா?"

"முட்டி வலியோட அந்தப் படியை எங்கடி இறங்குறது? நான் உள்ளே இருக்கிறதுக்குத்தான் போவேன். அது உங்கப்பாவோடது."

சிறுநீரின் சர்க்கரைக்கு மொய்க்கும் எறும்பு அங்கேதான். எப்போதும் அங்கே மட்டும்தான். காலியாகிக்கொண்டே இருக்கும் சொம்பு. பெல்ட்டில் புது ஓட்டை. வீடு முழுக்க அம்மாவின் சர்க்கரையைத் தேடியவள், எதிரே நின்ற மனிதரைப் பார்க்கவே இல்லை.

மீட்டரை எடுத்தாள். கூடத்தில் அப்பா பேப்பரை மடியில் வைத்திருந்தார். அம்மாவும் பின்னாலேயே வந்து நின்றார்.

"விரலைக் குடுங்கப்பா."

"எனக்கா? எனக்குத்தான் சுகரே இல்லையே!"

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"இல்லாததை எதுக்கும்மா பார்க்கணும்?" சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். "ஒரு தடவை கிரேன்ல நாற்பது டன் தொங்குது..."

"சொல்லுங்கப்பா" என்றாள் பெரியவள். குத்தினாள். மீட்டரில் செருகிய பட்டையின் நுனி ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டது. திரையில் ஐந்து, நான்கு, மூன்று. அப்பா ஆபீசரை இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு, ஒன்று.

"என்ன, பாஸா?" என்றார் அப்பா.

திரையில் முந்நூற்று நாற்பத்திரண்டு.